தமிழுக்கு இரசாயனம் தந்த வைத்தியர் கிறீன்

மகனீசியம், நாகம், இரும்பு, செப்பு ஆகிய நான்கு உலோகங்களின் சிறு துண்டுகளை நான்கு சோதனைக் குழாய்களில் தனித்தனியே இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தை ஊற்றினால் நிகழ்வது யாது? க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கற்கும் எந்த மாணவனும் இவ்வினாவைச் சந்திக்காமல் பாடசாலையை விட்டு வெளியேறுவதில்லை. மகனீசியத்தில் வாயுக் குமிழிகள் விரைந்து பொங்கியெழும். நாகத்தில் அவை நிதானமாக எழும். இரும்பில் மெல்ல மெல்லத் தோன்றும். செப்பில் எதுவும் நிகழாது. வெளிவரும் வாயு ஐதரசன். எரியும் ஈர்க்கைக் குழாயின் வாயருகே கொண்டுசென்றால் 'பொப்' என்ற ஒலியுடன் அது எரிந்துபோகும். இவ்வொழுங்கின் அடிப்படையில் உலோகங்களை வரிசைப்படுத்துவதே தாக்கவீதத் தொடர் எனப்படுகிறது.

நோர்வூட் நகரிலிருந்து ஒரு வீதி பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் பிரிந்து செல்கின்றன. அவ்வீதிகளை அண்டிய தோட்டங்களிலிருந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கற்கும் பிள்ளையும் இப்பாடத்தைத் தமிழிலேயே படிக்கின்றனர். தமிழிலேயே விடை எழுதுகின்றனர். இன்று இது எமக்கு இயல்பான ஒன்றாகத் தோன்றுகிறது. ஆனால் அமிலத்தையும் உலோகத்தையும் வாயுவையும் பற்றித் தமிழில் பேச முடியும் என்பதை எவரும் நம்பியிராத காலமொன்று இருந்தது. அந்நம்பிக்கையின்மையை உடைத்தவர்களுள் முன்னின்றவர் ஒரு வைத்தியர். அவர் தமிழரும் அல்லர். அவரே யாழ்ப்பாணம் மானிப்பாயில் வாழ்ந்து பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டு டிசம்பர் மாதத்திலேயாகும். சமயத்தால் எதிரெதிர் முனைகளில் நின்ற இவ்விருவரும் தமிழ் உரைநடையையும் அச்சியந்திரத்தையும் நம்பிச் செயற்பட்டவர்கள் என்பது சிந்திக்கத்தக்கது. கிறீனின் அண்ணனான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் மாநகரின் அமைப்பில் பெரும்பங்கு கொண்டவராக அமெரிக்க வரலாற்றில் இடம்பெற்றவர். தம்பியாகிய சாமுவேலோ நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்றபின், ஊரும் உறவும் தந்த வசதியான வாழ்வை விட்டுத் தொலைதூரத் தீவொன்றை நோக்கிப் புறப்பட்டார். 1847 ஏப்ரலில் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய அவர், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அவர் வந்தது கிறிஸ்தவ சமயப் பணிக்காகவே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டிலிருந்தே யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்தனர். பண்டத்தரிப்பில் வைத்தியர் ஜோன் ஸ்கடர் மேனாட்டு மருத்துவத்தைத் தொடக்கி வைத்திருந்தார். 1823இல் அமைந்த வட்டுக்கோட்டைக் குருமடம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் உயர்தரமாகக் கற்பித்து வந்தது. இப்பின்னணியில் வந்த கிறீன், 1848இல் மானிப்பாயில் குடியேறி அங்கு மருத்துவ நிலையத்தை நடத்தியதோடு, ஒருசில மாணாக்கரைச் சேர்த்து மருத்துவ வகுப்பொன்றையும் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி அமைந்தது 1870இலேயே. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னதாக மானிப்பாயில் இப்பணி தொடங்கிவிட்டது.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆயினும் கிறீன் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். ஆங்கிலம் கற்றுத் தேறிய மருத்துவர்களிற் பலர் அரச உத்தியோகத்தையும் நகர வாழ்வையும் நாடினர். கிராமத்து நோயாளியோ தன் மொழியில் தன் நோயைச் சொல்லக் காத்திருந்தான். மருத்துவ அறிவு மக்களிடையே வேரூன்ற வேண்டுமாயின் அது மக்களின் மொழியிற் பேச வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தமிழைக் கசடறக் கற்றார். 1852இல் கட்டர் என்பவரது உடலமைப்பு நூலைத் தமிழில் வெளியிட்டார். 1857இல் பிரசவ மருத்துவ நூல் வெளிவந்தது. அவ்வாண்டில் ஓய்வுக்காகத் தாயகம் சென்று, 1862இல் மணம்புரிந்து மனைவியுடன் மீண்டு வந்தார். 1864 முதல் தமது மருத்துவ வகுப்பை முற்றிலும் தமிழிலேயே நடத்தலானார்.

இத்துணிவின் பெறுமதியை உணர அக்காலச் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்சி மொழி ஆங்கிலம். உத்தியோகத்தின் மொழியும் ஆங்கிலம். ஆங்கிலம் கற்பிக்காத வகுப்பிற் சேர்வதால் என்ன பயன் என்ற கேள்வி மாணாக்கரிடமும் பெற்றோரிடமும் எழுந்தது இயல்பே. பாடப்புத்தகமும் இல்லை, கலைச்சொல்லும் இல்லை, தமிழில் கற்றவருக்கு அரச அங்கீகாரம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. புத்தகம் இல்லையென்பதற்காக வகுப்பை நிறுத்தாமல், வகுப்புக்காகப் புத்தகத்தை உருவாக்கினார் கிறீன். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1883இல் மனுஷ சுகரணம் எனத் தொடர்ந்த அந்நூல்வரிசை 4000 பக்கங்களுக்கும் மேற்பட்டது. அவரிடம் பயின்று வெளியேறிய தமிழ் மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள்.

இவ்வரிசையில் 1875இல் வெளிவந்ததே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல். அமெரிக்கரான வெல்ஸ் எழுதிய பாடநூலைத் தழுவி, மாணாக்கரின் உழைப்பும் கிறீனின் மேற்பார்வையும் சேர்ந்து உருவாகிய நூல் அது. தமிழில் இரசாயனத்தை விரிவாக எடுத்துரைத்த முன்னோடி நூல்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

வைத்தியருக்கு இரசாயனம் எதற்கு என்ற கேள்வி எழலாம். அக்கால மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். கண்ணோய்க்கு நாக சல்பேற்றுக் கரைசல். சோகைக்கு இரும்பு உப்புகள். புண்ணைச் சுட வெள்ளி நைத்திரேற்று. வயிற்றைக் கழுவ இரச உப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவரின் கைவசமிருந்த மருந்துகளிற் கணிசமானவை உலோகமும் அமிலமும் சேர்ந்து பிறந்த உப்புகளே. நாகத்தை ஐதான சல்பூரிக்கமிலத்தில் இட்டால் ஐதரசன் வெளியேற, கரைசலில் எஞ்சுவது நாக சல்பேற்று. எந்த உலோகம் எந்த அமிலத்துடன் எவ்வாறு தாக்கமுறும் என்பதை அறியாதவன் மருந்தைக் கலக்கவும் முடியாது. அதன் தூய்மையைச் சோதிக்கவும் முடியாது.

உலோகங்கள் அமிலத்துடன் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பது மேலைநாட்டிலும் படிப்படியாகவே தெளிவாகியது. 1766இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கவென்டிஷ் நாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அமிலங்களில் இட்டு, வெளிவந்த எரியும் வாயுவின் அளவை ஒப்பிட்டார். அவ்வாயுவுக்கு ஐதரசன் என்ற பெயரை அளித்தவர்கள் லவோசியேயும் அவரது பிரெஞ்சு நண்பர்களும். ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தை அதன் உப்பிலிருந்து இடம்பெயர்க்கும் ஒழுங்கை ரஷ்ய விஞ்ஞானி பெக்கெத்தோவ் வரிசைப்படுத்தியது 1865இல். அதற்கு முந்திய ஆண்டிலேதான் மானிப்பாயில் தமிழ் வகுப்பு தொடங்கியது. உலகம் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் தமிழும் கற்கத் தொடங்கியது என்பதே இதன் பொருள்.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் பின்பற்றிய ஒழுங்கும் குறிப்பிடத்தக்கது. மக்களிடையே வழங்கும் தமிழ்ச்சொல் இருந்தால் அதனையே முதலிற் கொள்ளுதல், இல்லையேல் வடமொழியிலிருந்து பெறுதல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பதே அது. 'கெமிஸ்தம்' என்ற தலைப்பே இம்மூன்றாம் வழிக்கு நல்ல உதாரணம். அவரது நூல்களில் வடசொற்கள் மிகுந்திருந்தன என்பது பின்வந்தோர் கூறிய குறை. அது நியாயமானதே. அங்காதிபாதம் பின்னர் உடற்கூற்றியலாயிற்று, சுகரணம் உடற்றொழிலியலாயிற்று, கெமிஸ்தம் இங்கு இரசாயனவியலாகவும் தமிழகத்தில் வேதியியலாகவும் நிலைத்தது. நாம் நாகம் என்பதைத் தமிழகத்தார் துத்தநாகம் என்கின்றனர். சொற்கள் மாறலாம். முதலில் ஒருவர் ஒரு சொல்லை இட்டுப் பேசத் தொடங்கினால்தான், அதனினும் சிறந்த சொல்லை மற்றொருவர் தேட முடியும். கிறீன் செய்தது அந்த முதற் பணி.

ஏட்டுக் கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை என்பதையும் கூறியாக வேண்டும். 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி நோய் பேரழிவுக்குள்ளாக்கிய வேளையில், கிறீனும் அவரிடம் பயின்றோரும் நோயாளரிடையே பணியாற்றினர். அதே காலகட்டத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரை வழியே காட்டுப் பாதைகளிற் கால்நடையாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எமது முன்னோரும் இதே நோய்க்கு வழியெங்கும் பலியாகினர். தம் மொழி பேசும் மருத்துவர் ஒருவரையேனும் அவ்வழியிற் காணும் பேறு அவர்களிற் பலருக்குக் கிட்டவில்லை. தமிழில் மருத்துவம், தமிழில் விஞ்ஞானம் என்பது வெறும் மொழிப்பற்று அல்ல. உயிரோடு தொடர்புடைய தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். ஆனால் பணி ஓயவில்லை. வூஸ்டரில் இருந்தவாறே தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்தியும் அச்சுக்கு அனுப்பியும் வந்தார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் இந்நாட்டை விட்டுச் சென்ற பின்னரே வெளிவந்தவை. 1884 மே 28ஆம் திகதி அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவப் பணி புரிந்தவர் என்ற குறிப்பே அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் நிற்கிறது. ஆயினும் அவர் தொடக்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலம் மீண்டும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

அவர் விட்டுச்சென்ற வேலையின் ஒரு பாதி பின்னர் நிறைவேறியது. இலங்கையில் சுதேச மொழிக் கல்வி பரவியதை அடுத்து, 1950களிலிருந்து அரசும் அறிஞர்களும் கலைச்சொற்றொகுதிகளையும் பாடநூல்களையும் தமிழில் வெளியிட்டனர். ஐதான அமிலம், தாக்கவீதம், இடப்பெயர்ச்சி என்னும் சொற்கள் மாணவரின் நாவில் தவழத் தொடங்கின. மலையகத்துத் தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசின் பொறுப்புக்குள் வந்தபின், அச்சொற்கள் தேயிலை மலைகளுக்கும் ஏறிவந்தன. காலந்தாழ்த்தி வந்தாலும் அவை வந்து சேர்ந்தன என்பது எமக்கு ஆறுதல்.

மற்றைய பாதியோ இன்னும் எஞ்சியிருக்கிறது. அது கையால் செய்து கற்பதாகும். நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வரும் விடயம். 2010களில் நாடளாவிய ரீதியில் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளைத் தெரிந்து ஆய்வுகூடங்கள் அமைக்கப்பட்டன. அத்தெரிவுக்கு வெளியே நின்ற சிறிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு மகனீசியம் பொங்குவதும் செப்பு அசையாதிருப்பதும் கரும்பலகையில் எழுதப்பட்ட ஒரு வரியாகவே முடிந்துவிடுகிறது. அவர்கள் அதை மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் எழுதுகின்றனர், மறந்துவிடுகின்றனர்.

மறப்பது நியாயமே. தான் காணாத ஒன்றை எவரும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் அப்பாடம் அப்பிள்ளையின் தலைக்கு மேலேயே இருக்கிறது. லயன் வீடுகளின் கூரையை நாம் தகரம் என்கிறோம். உண்மையில் அது நாகம் பூசிய இரும்புத் தகடு. தாக்கவீதத் தொடரில் நாகம் இரும்புக்கு மேலே நிற்பதால், மழையும் காற்றும் முதலில் நாகத்தையே தின்கின்றன. பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் நாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. நாகம் முற்றாகத் தீர்ந்தபின் இரும்பு துருப்பிடிக்கிறது. கூரை ஒழுகத் தொடங்குகிறது. 1837இல் பிரான்ஸில் காப்புரிமை பெற்ற இம்முறைக்கும், சோதனைக் குழாயில் இரும்பைவிட நாகம் விரைந்து குமிழியிடுவதற்கும் காரணம் ஒன்றே.

தேயிலைச் செடிக்கும் இப்பாடத்தில் இடமுண்டு. அமிலத்தன்மையான மண்ணை விரும்பும் செடி அது. அதற்கு நாகச்சத்துக் குறையும்போது இலைமீது தெளிக்கப்படுவது நாக சல்பேற்றுக் கரைசல். கிறீன் காலத்து வைத்தியர் கண்ணுக்கு இட்ட அதே உப்பு. வீட்டிலுள்ள செப்புப் பாத்திரமும் ஒரு பாடமே. ஐதான அமிலத்திலிருந்து ஐதரசனை வெளியேற்றும் வலு செப்புக்கு இல்லை. ஆனால் புளி சேர்ந்த கறியை அதில் நெடுநேரம் வைத்தால் காற்றிலுள்ள ஒட்சிசனின் துணையோடு செப்பு மெல்லக் கரைந்து களிம்பேறும், அது நஞ்சு. எம் முன்னோர் அப்பாத்திரங்களுக்கு ஈயம் பூசியதன் காரணம் இதுவே. பெற்றோரின் தொழிலிலும் வீட்டின் கூரையிலும் அடுப்படியிலும் இருக்கும் ஓர் அறிவு, வகுப்பறையில் மட்டும் அந்நியமாக நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு!

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு சுருள் மகனீசிய நாடா, சில இரும்பாணிகள், செப்புக் கம்பித் துண்டுகள், ஆசிரியர் தாமே பிரித்தெடுத்த மின்சூள் கலமொன்றின் நாக உறை, சில கண்ணாடிக் குழாய்கள், ஒரு போத்தல் ஐதான அமிலம் என்பன போதும். அமிலம் கிடைக்காத இடத்தில் வினாகிரியில் மகனீசியம் இட்டாலும் குமிழி எழும். சோடியத்தையும் பொற்றாசியத்தையும் அமிலத்தருகே கொண்டுசெல்லலாகாது என்பதையும், செறிந்த அமிலத்தை ஐதாக்கும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றி அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது என்பதையும் அறிந்த ஓர் ஆசிரியர் அருகில் நிற்க வேண்டும். அவ்வளவே. பொருள் எளிது, ஆசிரியரே அரிது. ஆகவே தோட்டப்புறத்திலிருந்து விஞ்ஞானம் கற்று வெளியேறும் இளைஞரை அங்கேயே ஆசிரியராக நிலைபெறச் செய்யும் நியமனங்களும், வசதியுள்ள பாடசாலைகளின் ஆய்வுகூடங்களை அயற் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு நாளேனும் திறந்துவிடும் ஏற்பாடும் அவசியம். கல்வி அதிகாரிகளும், மலையக மக்களின் பெயரால் பதவி வகிப்போரும், பழைய மாணவர் சங்கங்களும் இதனைத் தத்தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

கிறீனின் சமயத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அவரது கலைச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் அவரது வாழ்வு உணர்த்தும் உண்மை வழக்கொழியவில்லை. ஓர் அறிவு ஒரு மக்கட் கூட்டத்துக்கு உரியதாவது, அது அவர்களின் மொழியில் வரும்போதும் அவர்களின் கைகளால் செய்துபார்க்கப்படும்போதுமேயாகும். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர், பாடநூல் இல்லாத காலத்தில், அங்கீகாரம் கிடைக்குமா என்று பாராமல் முதற் பாதியைத் தொடக்கி வைத்தார். பாடநூலும் சொல்லும் பாடசாலையும் கைவசமுள்ள நாம், எஞ்சிய பாதியை நிறைவேற்றாதிருப்பதற்கு என்ன காரணம் சொல்லப் போகிறோம்?